காசிமிர் விசையை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், எங்கள் தலைமுறை இடறிய அதே இடங்களில் இடறுவதைப் பார்க்கும்போது இதை எழுதத் தோன்றியது. தூசி, அதிர்வு இவற்றைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அவை அளவீட்டிலேயே காட்டிக் கொடுத்துவிடும். காட்டிக் கொடுக்காத தவறுகள்தான் மாதங்களை விழுங்குகின்றன.

மின்னூட்டம் இல்லாத இரண்டு உலோகத் தகடுகள்கூட ஒன்றையொன்று ஈர்க்கும் என்று 1948இல் டச்சு இயற்பியலாளர் ஹென்ட்ரிக் காசிமிர் கணித்தார். வெற்றிடத்திலும் மின்காந்தப் புலம் ஓயாமல் ஏறி இறங்குவதோடு தொடர்புடைய விசை இது. இடைவெளி 1 மைக்ரோமீட்டர் என்றால் அழுத்தம் வெறும் 1.3 மில்லிபாஸ்கல்.

‘இரண்டையும் எர்த் பண்ணியாச்சு, இனி மின்விசை இல்லை’

இதைக் கேட்டால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும்.

இரண்டு பரப்பிலும் தங்கம் பூசி, கம்பியால் இணைத்துவிட்டாலும் அவற்றுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு மிஞ்சும். தங்கப் படலம் நுண்படிகங்களால் ஆனது. எந்தப் படிக முகம் மேலே இருக்கிறது என்பதைப் பொறுத்து வெளியேற்று ஆற்றல், அதாவது ஓர் எலக்ட்ரானை உலோகத்திலிருந்து வெளியே எடுக்கத் தேவைப்படும் ஆற்றல், மாறும். காற்றிலிருந்து ஒட்டிய மூலக்கூறுகளும் அதை மாற்றும். அதனால் பரப்பு முழுவதும் திட்டுத் திட்டாக மின்னழுத்தம் வேறுபடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1 மைக்ரோமீட்டரில் 17 மில்லிவோல்ட் வேறுபாடு இருந்தாலே, அது தரும் அழுத்தம் காசிமிர் அழுத்தத்துக்குச் சமம்!

ஒரு மாணவர் பல மாத அளவீடுகளோடு வந்தார். வளைகோடு கோட்பாட்டோடு அழகாகப் பொருந்தியது. “மிஞ்சும் வேறுபாட்டைச் சமன்செய்ய வெளியிலிருந்து கொடுக்கும் ஈடுசெய்யும் மின்னழுத்தத்தை எப்போது பார்த்தீர்கள்?” என்று கேட்டேன். “முதல் நாள், தகட்டைத் தள்ளி வைத்து ஒருமுறை” என்றார். எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. திட்டுகள் இருக்கும்போது, விசையைக் குறைந்தபட்சமாக்கும் மின்னழுத்தம் இடைவெளியோடு சேர்ந்து நகரக்கூடும்.

ஒவ்வொரு இடைவெளியிலும் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி, கிடைக்கும் பரவளையத்தின் உச்சியைக் குறியுங்கள். உச்சி நகரவில்லை என்றாலும் நிம்மதியடைய வேண்டாம். ஒரே மின்னழுத்தத்தால் சராசரியைத்தான் ஈடுசெய்ய முடியும்; திட்டுகளின் விசை அங்கேயே இருக்கும். பரப்பின் மின்னழுத்தத்தை இடத்துக்கு இடம் அளக்கும் கெல்வின் ஆய்வுமுனையால் பரப்பை வரைபடமாக்கிப் பார்ப்பது நல்லது. கோளம்–தகடு அமைப்பில் காசிமிர் விசை இடைவெளியின் மும்மடிக்கு எதிர்விகிதமாகச் சரியும். நிலைமின் விசை பெரும்பாலும் அதைவிட மெதுவாகச் சரியும். ஆகவே தூரம் கூடக்கூடத் திட்டுகளின் கைதான் ஓங்கும். 2011இல் அமெரிக்க இயற்பியலாளர் ஸ்டீவ் லாமரோவின் குழு சில மைக்ரோமீட்டர் தூரத்தில் வெப்பக் காசிமிர் விசையை (வெப்பநிலையால் எழும் பங்கை) பிரித்தெடுத்ததும், இந்தப் பின்னணியைக் கழித்த பிறகுதான்.

இணைத் தகடுகளோடு தொடங்குவது

வேண்டாம். இரண்டு தகடுகளைத் துல்லியமாக இணையாக வைத்திருப்பது மிகக் கடினம். இந்த விசையை 1997இல் அளந்த லாமரோகூட ஒரு பரப்பைக் கோள வளைவாகத்தான் வைத்தார்.

தங்கத்தை முழுமையாக எதிரொளிக்கும் கண்ணாடி என்று எண்ணுவது

காசிமிரின் சூத்திரம் எல்லா அலைகளையும் எதிரொளிக்கும் உலோகத்துக்கானது. 100 நானோமீட்டர் இடைவெளியில் தங்கத் தகடுகளுக்கு அதில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். உண்மையான பொருளின் எதிரொளிப்பைக் கணக்கில் எடுக்கும் லிஃப்ஷிட்ஸ் கோட்பாட்டைப் பயன்படுத்துங்கள்.

வெற்றிடத்திலிருந்து மின்சாரம்

இந்த விசையை வைத்து ஓயாமல் மின்சாரம் எடுக்கலாம் என்று எண்ண வேண்டாம். கிடைக்காது.

தொட்ட இடத்தைச் சுழியாகக் கொள்வது

முதலில் தொடுவது சொரசொரப்பின் மேடுகள்தான். சராசரிப் பரப்புகள் அப்போதும் சில நானோமீட்டர் விலகியே இருக்கும். 100 நானோமீட்டரில் 1 நானோமீட்டர் பிசகினால் விசையில் சுமார் 3 சதவீதம் பிழை. தெரிந்த மின்னழுத்தத்தைக் கொடுத்து, அது தரும் விசையிலிருந்து இடைவெளியைக் கணக்கிடுங்கள். அப்புறம் கோட்பாட்டோடு ஒப்பிடலாம்.