ஒளியின் தளத்தைக் காந்தத்தால் திருப்புவது எப்படி? ஃபாரடே விளைவு செய்முறை

ஒளி அலை அதிரும் தளத்தைக் காந்தப்புலம் திருப்பிவிடும்; 1845 செப்டம்பரில் மைக்கேல் ஃபாரடே ஈயம் கலந்த கனமான கண்ணாடியில் கண்ட விளைவு இது. இன்று மேசை மேலேயே அளந்துவிடலாம்.

தேவையானவை: 1 மில்லிவாட் சிவப்பு லேசர், இரண்டு போலராய்டு தகடுகள் (ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடுபவை), 10 செ.மீ. நீள எஸ்எஃப்-57 ஃபிளின்ட் (ஈயம் கலந்த) கண்ணாடித் தண்டு, ஃபோட்டோடையோடு (ஒளியை மின்சாரமாக மாற்றுவது), அதற்கு 9 வோல்ட் பேட்டரி, 10 கிலோஓம் மின்தடை, மல்டிமீட்டர். சாதாரணக் கண்ணாடியில் திருப்பம் பல மடங்கு குறைவு.

முதலில் காயில். 15 செ.மீ. பிவிசி குழாயில் 0.8 மி.மீ. இனாமல் செப்புக் கம்பியை ஆறு அடுக்காக 1000 சுற்று சுற்றுங்கள். 2 ஆம்பியரில் உள்ளே சுமார் 16 மில்லிடெஸ்லா கிடைக்கும். கம்பி சூடேறும், பத்து விநாடிக்கு மேல் மின்சாரம் விடாதீர்கள்.

தண்டைக் குழாய்க்குள் தளர்வாக வையுங்கள். இறுக்கிப் பிடித்தால் அழுத்தத்தால் கண்ணாடியே ஒளியின் தளத்தைக் கெடுக்கக்கூடும். லேசர், தகடு, தண்டு, தகடு, டையோடு எல்லாம் ஒரே நேர்கோட்டில் வரட்டும். லேசரைக் கண்ணால் நேராகப் பார்க்கக் கூடாது.

சுழற்சிக் கோணம் = வெர்டெட் மாறிலி (ஒரு பொருள் தளத்தை எவ்வளவு திருப்பும் என்பதன் அளவு) × புலம் × நீளம். இந்தக் கண்ணாடிக்கு மாறிலி ஏறத்தாழ 20 ரேடியன்/டெஸ்லா-மீட்டர். ஆக 0.032 ரேடியன், அதாவது 1.8 பாகைதான்.

பலரும் சறுக்குவது இங்கேதான். இரண்டாவது தகட்டை முழு இருட்டுக்குத் திருப்பிவிட்டு வெளிச்சம் வருமா என்று காத்திருப்பார்கள். வருவது முழு ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்கு; கண்ணால் பிரித்தறிவது கடினம். இருட்டு நிலையிலிருந்து 45 பாகை திருப்புங்கள். மாலஸ் விதிப்படி (தகட்டின் கோணத்துக்கு ஏற்ப எவ்வளவு ஒளி வரும் என்று சொல்லும் விதி) ஒளி அங்கேதான் மிக வேகமாக மாறும். மீட்டர் 1 வோல்ட் காட்டினால், மின்சாரம் விட்டதும் 0.064 வோல்ட் ஏறும் அல்லது இறங்கும். மின்சாரத்தைத் திசைமாற்றினால் மொத்த வித்தியாசம் 0.128 வோல்ட்.

மீட்டர் தானாகவே நகர்ந்துகொண்டிருந்தால் லேசர் இன்னும் நிலைப்படவில்லை. பத்து நிமிடம் எரியவிடுங்கள். தண்டை எடுத்துவிட்டும் ஒருமுறை அளந்து பாருங்கள். அப்போதும் மாற்றம் தெரிந்தால் அது ஃபாரடே விளைவு அல்ல, இணைப்பில் கோளாறு.

ஒளியை முகம் பார்க்கும் கண்ணாடியில் பட்டுத் தண்டு வழியே திரும்ப வரச் செய்தால் திருப்பம் இரட்டிக்கும். சர்க்கரைக் கரைசலும் ஒளியின் தளத்தைத் திருப்பும், ஆனால் திரும்பி வரும்போது அந்தத் திருப்பம் ரத்தாகிவிடும். அதிசக்தி லேசர்களில் திரும்பி வரும் ஒளியைத் தடுப்பதும் இந்தக் குணத்தால்தான்: 1064 நானோமீட்டரில், 1 டெஸ்லா புலத்தில், சுமார் 20 மி.மீ. டெர்பியம் காலியம் கார்னெட் படிகம் 45 பாகை திருப்பும். திரும்பும்போது 90 ஆகும்; முதல் தகடு அந்த ஒளியைத் தடுத்துவிடும். ஒளி மிகத் தீவிரமானால் படிகம் உள்ளே சூடேறி, மாறிலி குறைந்து, தடுப்பு கசியத் தொடங்கும்.