'கெட்' (get) என்ற ஆங்கிலச் சொல்லைப் பிடிபட வைப்பது எப்படி? ஆரம்பநிலையினருக்கான செய்முறை

அகராதியில் 'கெட்' என்று தேடினால் பெறு, வாங்கு, ஆகு, போய்ச் சேர், புரிந்துகொள் என்று பக்கம் பக்கமாக நீளும். அதை மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். எந்த வாக்கியத்தில் எந்தப் பொருள் என்பதை அந்தப் பட்டியல் உங்களுக்குச் சொல்லாது. 'கெட்'டுக்கு அடுத்து வரும் சொல்தான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். பெரும்பாலான இடங்களில் 'கெட்' ஒரு மாற்றத்தைச் சொல்கிறது. கையில் இல்லாதது வருகிறது, இல்லாத கோபம் வருகிறது, வேறு இடத்தில் இருந்தவர் இங்கே வந்து சேர்கிறார். 'ஐ ஆம் டயர்ட்' என்றால் களைப்பாக இருக்கிறேன். 'ஐ கெட் டயர்ட்' என்றால் எனக்குக் களைப்பு வந்துவிடும்.

படி 1: அடுத்து பெயர்ச்சொல் வந்தால்

கைக்கு வருவது என்று பொருள். கீழே வரும் 'காட்' (got) 'கெட்'டின் இறந்தகால வடிவம். 'ஐ காட் யுவர் மெயில்' என்றால் மெயில் வந்தது. 'ஐ காட் எ நியூ ஃபோன்' என்றால் பெரும்பாலும் வாங்கினேன். பின்னால் ஆளும் பொருளும் சேர்ந்து வந்தால் இன்னொருவருக்காக வாங்குவதோ கொண்டுவருவதோ ஆகும்: 'கேன் யு கெட் மீ சம் வாட்டர்?' பேச்சில் இவை எல்லாம் சரி. விண்ணப்பம், அலுவலகக் கடிதம் போன்றவற்றில் 'ரிசீவ்', 'பை', 'அப்டெய்ன்' என்று குறிப்பாக எழுதுவது நல்லது.

படி 2: அடுத்து பெயரடை வந்தால்

'ஆகு' என்று பொருள். 'இட்ஸ் கெட்டிங் டார்க்', இருட்டிக்கொண்டு வருகிறது. தமிழ் பேசுபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். நாம் கோபம் வந்தது, பசி வந்தது என்று பெயர்ச்சொல்லை வைத்துப் பேசுகிறோம். அதே பழக்கத்தில் 'ஐ காட் ஆங்கர்', 'ஐ காட் ஹங்கர்' என்று வாயில் வந்துவிடும். இரண்டும் தவறு. 'ஐ காட் ஆங்ரி', 'ஐ காட் ஹங்ரி' என்பதே சரி. நோய்ப் பெயர்கள் மட்டும் இதில் சேராது: 'ஐ காட் எ கோல்ட்', 'ஐ காட் எ ஃபீவர்' என்று பெயர்ச்சொல்லாகவே வரும்.

ஒருவர் டாக்டர் ஆனார் என்பதற்கு 'ஷி காட் எ டாக்டர்' என்று சொல்லாதீர்கள். அவர் ஒரு டாக்டரை ஏற்பாடு செய்துகொண்டார் என்று பொருள் மாறிவிடும். பெயர்ச்சொல்லோடு 'ஆகு' வேண்டுமென்றால் 'பிகேம்'தான். திருமணத்துக்கு 'காட் மேரீட் டு' வரும். இன்னாரை மணந்தார் என்ற பொருளில் 'வித்' வராது.

படி 3: அடுத்து இடம் வந்தால்

போய்ச் சேர்வது. 'வி காட் டு த ஸ்டேஷன் அட் 6.' ஆனால் ஹோம், ஹியர், தேர் மூன்றுக்கும் முன்னால் 'டு' கூடாது: 'ஐ காட் ஹோம் லேட்.' பஸ், ரயில், விமானம் போல உள்ளே எழுந்து நடக்கக்கூடிய வண்டிகளுக்கு 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. காருக்கும் டாக்ஸிக்கும் 'கெட் இன்', 'கெட் அவுட் ஆஃப்'. சைக்கிளில் நடக்க முடியாது, ஆனாலும் மேலே ஏறி உட்காருவதால் அதற்கும் 'ஆன்'தான். பஸ்ஸிலிருந்து இறங்க 'கெட் டவுன்' என்பது நம்மிடையே புழக்கத்தில் இருக்கிறது. மற்ற நாட்டினருக்கு அது ஏணியிலிருந்தோ மரத்திலிருந்தோ இறங்குவது போலக் கேட்கும்.

படி 4: வேறொருவரைச் செய்ய வைப்பது

இந்த அமைப்பு கைவந்துவிட்டால் உங்கள் ஆங்கிலம் ஒரு படி உயரும். அதனால் நேரம் எடுத்துப் பழகுங்கள்.

'ஐ கட் மை ஹேர்' என்றால் நானே கத்தரிக்கோலை எடுத்து வெட்டிக்கொண்டேன். முடி வெட்டுபவரிடம் போய் வந்தால் 'ஐ காட் மை ஹேர் கட்.' காரைப் பழுதுபார்க்கக் கொடுத்தால் 'ஐ காட் த கார் ரிப்பேர்ட்.' வரிசையைக் கவனியுங்கள்: காட், பிறகு பொருள், அதற்கும் பிறகுதான் வினையின் மூன்றாம் வடிவம் (past participle). 'ஐ காட் ரிப்பேர்ட் த கார்' என்று இடம் மாற்றினால் வாக்கியம் உடைந்துவிடும்.

ஆளைச் சொன்னால் 'டு' சேர்க்க வேண்டும்: 'ஐ காட் ஹிம் டு சைன்.' பேசியோ கேட்டுக்கொண்டோ கையெழுத்துப் போட வைத்தேன். 'ஐ மேட் ஹிம் சைன்' என்றால் பொதுவாகக் கட்டாயப்படுத்திய தொனி வரும், 'டு'வும் கிடையாது. இரண்டையும் கலந்து 'மேட் ஹிம் டு சைன்' என்பது அடிக்கடி காதில் விழும் பிழை.

நடுவில் எதுவும் இல்லாமல் மூன்றாம் வடிவம் நேராக வந்தால் அது செயப்பாட்டு வினை: 'மை ஃபோன் காட் ஸ்டோலன்.' வேண்டாத, எதிர்பாராத நிகழ்வுகளுக்கு இது நன்றாகப் பொருந்தும்.

படி 5: 'காட் டு', 'ஹேவ் காட் டு'

'ஐ காட் டு மீட் ஹர்', அவரைச் சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தது. 'ஐ ஹேவ் காட் டு மீட் ஹர்', சந்தித்தே ஆக வேண்டும். வேகமாகப் பேசும்போது 'ஐ ஹேவ்' சுருங்கி வரும் 'ஐவ்' என்பதன் கடைசி ஒலி தேய்ந்துவிடும், அப்போது முன்பின் பேச்சை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 'ஐ ஹேவ் காட் எ கார்' என்பதில் மாற்றமே இல்லை, கார் இருக்கிறது என்பதுதான். புதிதாக வாங்கியிருப்பதைச் சொல்ல அமெரிக்கர்கள் 'ஹேவ் காட்டன்' (have gotten) என்பார்கள். பிரிட்டிஷ் வழக்கில் பொதுவாக 'காட்'டே வரும்.

'கெட் ஓவர்' (மீண்டு வருதல்), 'கெட் அலாங்' (ஒத்துப்போதல்), 'கெட் ரிட் ஆஃப்' (ஒழித்துக்கட்டுதல்) போன்றவற்றைப் பிரித்துப் பார்க்காதீர்கள். ஒவ்வொன்றையும் ஒரே சொல்லாக, ஒரு வாக்கியத்தோடு சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

படி 6: பயிற்சி

ஏதாவது ஓர் ஆங்கில உரையாடலை எடுத்து, 'கெட்' வரும் இடங்களில் எல்லாம் கோடிடுங்கள். அடுத்த சொல்லை வட்டமிட்டு, அது எந்தப் படி என்று ஓரத்தில் எண் போடுங்கள். பொருளை அதற்குப் பிறகு எழுதுங்கள். எண்ணுக்கு முன் பொருளை எழுதினால் ஊகமாகிவிடும்.

இதில் தொடங்கலாம்: 'ஷி காட் த விண்டோ ஃபிக்ஸ்ட் பிஃபோர் இட் காட் டார்க், பட் ஷி காட் ஹோம் லேட்.' முதல் 'காட்'டுக்குப் பின் பொருளும் மூன்றாம் வடிவமும் இருப்பதால் படி 4. இரண்டாவதில் பெயரடை, படி 2. மூன்றாவதில் இடம், படி 3. இருட்டுவதற்குள் ஜன்னலைச் சரிசெய்ய வைத்துவிட்டார், ஆனால் வீடு போய்ச் சேரத் தாமதமாகிவிட்டது.