ராம் வாங்க ஓடுவதற்கு முன்னால்

பாகம் பாகமாக வாங்கி நாமே பூட்டிய கம்ப்யூட்டர் மக்கர் செய்ய ஆரம்பித்தால், எது கெட்டது என்று தெரியாத பதற்றத்தில் முதலில் கரைவது பணம்தான். என் அக்கா மகனுக்கு அதுதான் நடந்தது. சாயங்காலம் கேம் ஓடும்போது மட்டும் அவன் கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகும். யாரோ ராம் (கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகம்) கெட்டிருக்கும் என்றார்கள், புது ராம் வாங்கினான். நிற்கவில்லை. அப்புறம் எஸ்எம்பிஎஸ்ஸை (எல்லா பாகங்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) மாற்றினான், அதற்கும் நிற்கவில்லை. "மாமா, மதர்போர்டு போயிடுச்சாம், மாத்தணும்னு கடைல சொல்றாங்க" என்று போன் வந்தபோது ஒரு நாள் பொறு என்று சொல்லிவிட்டுப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஏழு மணி வாக்கில் வோல்டேஜ் இறங்கி ஃபேன் மெதுவாகச் சுற்றியது. மேசைக்கு அடியில் இருந்த யூபிஎஸ்ஸில் 'டிக்' என்று ஒரு சத்தம், உடனே திரை கறுத்துவிட்டது. அரை மணி கழித்து மறுபடியும் அதே வரிசை, முதலில் டிக், பிறகு கறுப்பு. அது 600 விஏ யூபிஎஸ். அந்த அளவு யூபிஎஸ்களில் பெரும்பாலானவை 360 வாட்ஸ்தான் தரும், பின்பக்க ஸ்டிக்கரிலேயே போட்டிருக்கும். அவனுடைய ஆர்டிஎக்ஸ் 3070 கிராபிக்ஸ் கார்டு ஒன்றே 220 வாட்ஸ் இழுக்கிறது, அதோடு பிராசஸர், மானிட்டர், எஸ்எம்பிஎஸ்ஸில் சூடாகவே வீணாகிற மின்சாரம் என்று எல்லாவற்றையும் கூட்டினால் கேம் ஓடும்போது அந்த எல்லையைத் தொட்டுவிடும். யூபிஎஸ் பேட்டரியும் மூன்று வருஷப் பழசு. வோல்டேஜ் இறங்கினால் யூபிஎஸ் பேட்டரிக்கு மாறுகிறது, பேட்டரி சுமையைத் தாங்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். கம்ப்யூட்டரை நேராகச் சுவர் ப்ளக்கில் சொருகினோம். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் எஸ்எம்பிஎஸ் என்பதால் வோல்டேஜ் இறக்கம் அதை ஒன்றும் செய்யவில்லை, இரண்டு மணி நேரம் விளையாடியும் ஒருமுறைகூட ரீஸ்டார்ட் ஆகவில்லை.

கேபினெட்டுக்குள் மட்டும் தேடுவதுதான் பலரும் செய்கிற முதல் தவறு. யூபிஎஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், லூசான ப்ளக் பாயின்ட் இதையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பார்க்க பத்து நிமிஷம்கூட ஆகாது, பைசா செலவும் கிடையாது.

அடுத்தது, திரையில் வருகிற எர்ரரையே தீர்ப்பாக எடுத்துக்கொள்வது. விண்டோஸ் பிழைகளைப் பதிவு செய்யும் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் போச்சு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். விண்டோஸ் முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றிருக்கிறது என்பதற்கு மேல் அந்த எண்ணில் எதுவும் இல்லை, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து நீங்களே அணைத்தாலும் அதே 41தான் பதிவாகும். இதைவிடப் பெரிய உதாரணம் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை பிராசஸர்கள். பலருக்கு கேம் திறக்கும்போது 'வீடியோ மெமரி போதவில்லை' என்று எர்ரர் வந்தது. அதைப் படித்தால் யாராக இருந்தாலும் கிராபிக்ஸ் கார்டைத்தான் சந்தேகிப்பார்கள், ஆனால் பழுது பிராசஸரில் இருந்தது. அளவுக்கு மீறிய வோல்டேஜ் சிப்பை உள்ளுக்குள் தேய வைத்திருந்தது. 2024 ஆகஸ்டில் அதைத் தடுக்கும் மைக்ரோகோடு (சிப்புக்குள் ஓடும் கட்டளைத் தொகுப்பு) பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட்டாக வந்தது, வாரன்டியையும் இன்டெல் இரண்டு வருஷம் கூட்டியது. ஏற்கெனவே பழுதான சிப்பை அந்த அப்டேட் குணப்படுத்தாது, மாற்றத்தான் வேண்டும். உங்களிடம் அந்தத் தலைமுறை ஐ7, ஐ9 இருந்து கேம்கள் காரணமில்லாமல் விழுந்தால், கார்டைக் கழற்றுவதற்கு முன் பயாஸ் எந்தத் தேதியுடையது என்று பாருங்கள்.

மூன்றாவது தவறு, அவசரத்தில் இரண்டு மூன்றை ஒரே நேரத்தில் மாற்றுவது. ராமை மாற்றி, பயாஸ் அப்டேட் செய்து, டிரைவரையும் புதிதாகப் போட்ட பிறகு சரியாகிவிட்டால் எதனால் சரியானது என்று உங்களுக்கே தெரியாது, அடுத்த வாரம் மறுபடி வந்தால் முதலில் இருந்து தொடங்க வேண்டியதுதான். ஒன்றை மாற்று, ஓட்டிப் பார், ஒரு தாளில் எழுது. கம்ப்யூட்டர் ஆனே ஆகவில்லை என்றால் மதர்போர்டை வெளியே எடுத்து அதன் அட்டைப்பெட்டி மேல் வையுங்கள். பிராசஸர், கூலர், ஒரே ஒரு ராம், எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து போர்டுக்கு வரும் 24 பின், 8 பின் கேபிள்கள், இவ்வளவு போதும். நான்கு ஸ்லாட் போர்டாக இருந்தால் ராம் பெரும்பாலும் பிராசஸரில் இருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் போக வேண்டும், போர்டு புத்தகத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பெயரின் கடைசியில் எஃப் வரும் இன்டெல் பிராசஸர்கள் போன்ற சிலவற்றில் கிராபிக்ஸ் கிடையாது, அவற்றுக்கு கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்து வைக்க வேண்டும், மானிட்டர் கேபிளையும் போர்டில் சொருகாமல் கார்டில் சொருக வேண்டும். இப்படி வைத்து ஆன் ஆனால், மற்றதை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வரலாம். சிபியு (பிராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்) என்று நான்கு குட்டி விளக்குகள் இன்றைய போர்டுகள் பலவற்றில் இருக்கும், எது அணையாமல் நிற்கிறது என்று பாருங்கள். ஆனால் டிடிஆர்5 என்ற புதிய வகை ராம் போடும் போர்டுகளில் முதல் தடவை ஆன் செய்யும்போது ராமைப் பழக்கிக்கொள்ள அதற்குச் சில நிமிஷங்கள்கூட ஆகலாம். டிராம் விளக்கு எரிகிறதே என்று நடுவில் கரென்டை நிறுத்தினால் மறுபடி முதலில் இருந்து தொடங்கும், பொறுங்கள்.

ராமைச் சந்தேகித்தால் பயாஸில் எக்ஸ்எம்பியை (ராமை அதிக வேகத்தில் ஓட்டும் அமைப்பு) அணைத்துவிட்டுச் சோதியுங்கள். பெட்டியில் 3200 என்று போட்டிருந்தாலும் அது எக்ஸ்எம்பி போட்டால் ஓடும் வேகம், போடாவிட்டால் பெரும்பாலும் 2133-லோ 2400-லோ ஓடும். அணைத்ததும் பிரச்சினை போய்விட்டால் ராம் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை, அந்த வேகம் அந்தக் கூட்டணிக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவே. அப்புறம் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐ பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரு சுற்று முடிந்ததும் நல்ல ராம் என்று எழுந்து போய்விடாதீர்கள், சூடேறிய பிறகு மூன்றாவது நான்காவது சுற்றில் தலைகாட்டும் பிழைகளும் உண்டு.

எஸ்எம்பிஎஸ்ஸில் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்து, ஃபேன் சுற்றினால் நல்லது என்று விட்டுவிடுகிறார்கள். அது ஆன் ஆகிறது என்பது மட்டும்தான் அதில் தெரியும். சுமை ஏறும்போது 12 வோல்ட் லைன் 11.4-க்குக் கீழே போகிறதா என்பதே கேள்வி, நல்லது என்று உறுதியாகத் தெரிந்த இன்னொன்றை நண்பரிடம் வாங்கிப் போட்டுப் பார்ப்பதே சுலபமான வழி. அப்படி மாற்றும்போது கேபிள்களையும் சேர்த்து மாற்றுங்கள், தயவுசெய்து. கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் எஸ்எம்பிஎஸ்களில் எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசைக்குப் பொது விதி கிடையாது. பழைய கேபிள் அழகாகப் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்ட் டிஸ்க் புகைந்துவிடும். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் திறக்கவே திறக்காதீர்கள், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் ஆளை அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

ஹார்ட் டிஸ்க் விஷயத்தில் வரிசை மாறினால் போட்டோக்கள் திரும்பி வராது. கம்ப்யூட்டர் இழுத்து இழுத்து ஓடுகிறது என்றதும் விண்டோஸின் டிஸ்க் சரிபார்க்கும் செக்டிஸ்க் ஓடவிடுவது பலருக்கும் பழக்கம், சாகிற நிலையில் இருக்கும் டிஸ்கை அது இன்னும் வேலை வாங்குகிறது. முதலில் முக்கியமானதை வேறு டிஸ்கில் காப்பி எடுங்கள், பிறகு டிஸ்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறந்து பாருங்கள். அந்தப் பட்டியலில் 05-ஓ (பழுதாகி ஒதுக்கப்பட்ட பகுதிகள்) சி5-ஓ (படிக்க முடியாமல் நிற்கும் பகுதிகள்) பூஜ்யத்தில் இல்லாமல் ஏறிக்கொண்டே இருந்தால் டிஸ்கை மாற்ற வேண்டியதுதான். சி7 (டேட்டா போகும் வழியில் நேர்ந்த பிழைகள்) மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் டிஸ்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான் காரணம். கேபிளை மாற்றுங்கள், அந்த எண்ணைக் குறித்து வையுங்கள், அது பூஜ்யத்துக்கு இறங்காது. ஒரு வாரம் கழித்தும் அதே எண் நின்றால் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது.