எக்ஸ்பெடைட்: காலைக் கட்டவிழ்க்கும் சொல்லும் அதில் நேரும் தவறுகளும்

மொழிபெயர்ப்புக்குப் புதிதாக வருபவர்களின் பிரதிகளைத் திருத்துவது என் வேலை. ஆங்கிலத்தில் 'எக்ஸ்பெடைட்' (expedite, விரைவுபடுத்து) என்ற சொல் வரும் வரியில் என் பேனா தானாக நின்றுவிடும். ஆரம்பத்தில் நான் தடுக்கி விழுந்த அதே இடத்தில் அவர்களும் விழுகிறார்கள். எழுத்துப்பிழை, உச்சரிப்பு எல்லாம் அகராதியைப் புரட்டினாலே சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

'அனுப்பு' என்று எழுதுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இது. அகராதியில் இந்தச் சொல்லுக்கு 'அனுப்பிவை' என்றும் ஒரு பொருள் இருக்கும். விண்ணப்பதாரர்களுக்கான ஒரு கடிதத்தில் நான் அதைப் பிடித்துக்கொண்டேன். 'உங்கள் விண்ணப்பம் மீதான நடவடிக்கை விரைவுபடுத்தப்படும்' என்று வரவேண்டியது, 'உங்கள் விண்ணப்பம் அனுப்பிவைக்கப்படும்' என்று போய்விட்டது. எங்கே அனுப்புகிறீர்கள், யாருக்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்டு ஆளாளுக்கு எழுத ஆரம்பித்தார்கள். கடிதத்தை மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று. என் கூலியும் போனது, அந்த வாடிக்கையாளரும் போனார்.

லத்தீன் மூலத்தை அன்றே பார்த்திருந்தால் தப்பித்திருப்பேன். 'எக்ஸ்' என்றால் வெளியே, 'பெஸ்' என்றால் பாதம். 'எக்ஸ்பெதீரே' என்பது காலைத் தளையிலிருந்து விடுவிப்பது. அதன் எதிர்ச்சொல் 'இம்பெதீரே', காலைக் கட்டிப்போடுவது. ஆங்கிலத்தின் 'இம்பீட்' அங்கிருந்து வந்தது. ரோமானியப் படை இழுத்துச் சென்ற மூட்டைமுடிச்சுகளுக்கு 'இம்பெதிமெந்தா' என்றே பெயர். அந்தச் சுமையை விட்டுவிட்டு இலகுவாக நடந்த வீரர்கள் 'எக்ஸ்பெதீத்தி'. ஆக, இந்தச் சொல்லின் அடியில் இருப்பது ஓட்டம் அல்ல, தடை விலகுவது. வேகம் அதன் விளைவு. முட்டுக்கட்டையை எடுத்தால் வண்டி நகர்கிறதே, அது மாதிரி.

அதனால் பெரும்பாலும் 'விரைவுபடுத்து', 'துரிதப்படுத்து' பொருந்தும். தேங்கிக் கிடக்கும் கோப்பைப் பற்றிய பேச்சென்றால் 'தாமதமின்றி முடித்துக்கொடு' இன்னும் இயல்பாக இருக்கும்.

வேரைத் தெரிந்துகொண்ட உற்சாகத்தில் அதையே மொழிபெயர்ப்பில் இறக்கிவிடாதீர்கள். சமீபத்தில் ஒருவர் 'விண்ணப்பத்தின் தளை நீக்கப்படும்' என்று எழுதிக் கொண்டுவந்தார். வேர் நம் புரிதலுக்கு. வாசகருக்கு இன்றைய பொருள்தான் வேண்டும்.

ஆளை ஓடவிடுவது

'அங்கே விரைந்தேன்' என்ற பொருளில் 'நான் அங்கே எக்ஸ்பெடைட் செய்தேன்' என்று ஆங்கிலத்தில் வராது. ஒரு வேலையை, ஒரு முடிவை, ஒரு விநியோகத்தைத்தான் எக்ஸ்பெடைட் செய்ய முடியும். 'எதை?' என்று கேட்டுப் பாருங்கள், பதில் இல்லையென்றால் வாக்கியம் தப்பு.

'விரைவாக விரைவுபடுத்து'

ஒரு விரைவு போதும்.

'எக்ஸ்பீடியன்ட்' என்று குழம்புவது

வேர் ஒன்றுதான், பொருள் வேறு. அப்போதைக்குக் காரியம் ஆக உதவுவது எதுவோ அது எக்ஸ்பீடியன்ட். நியாயத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சௌகரியத்தைப் பார்ப்பது என்ற சாயலும் அதில் பல நேரம் சேர்ந்துகொள்ளும். பாராட்டு என்று நினைத்து மொழிபெயர்த்தால் தொனியே தலைகீழாகிவிடும்.

'பெடி' எல்லாம் பாதம் என்பது

பாதப் பராமரிப்பைக் குறிக்கும் பெடிக்யூரில் இருப்பது பாதம், லத்தீன். குழந்தை மருத்துவத்தைக் குறிக்கும் பீடியாட்ரிக்ஸில் இருப்பது குழந்தை, கிரேக்கம்.