ஒரு சர்க்கரை அளவின் பயணம்: ஃபயர் சர்வரில் முதல் பயிற்சி

திறந்த மூல மருத்துவமனை மென்பொருள் ஒன்றை நிறுவிவிட்டால் போதும், மற்ற மென்பொருள்களோடு அது தானாகப் பேசத் தொடங்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நானும் அப்படி நம்பியவன்தான். நிரல் திறந்திருப்பது ஒன்று, அதில் இருக்கும் தரவு அடுத்தவருக்குப் புரிவது வேறு.

இதை நான் கற்றுக்கொண்டது என் தவறிலிருந்து. நான் எழுதிய இணைப்பு நிரல், ஆய்வக முடிவிலிருந்து எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு அலகை வழியிலேயே தொலைத்துவிட்டது. மறுமுனையில் ரத்தச் சர்க்கரை 5.5 என்று வந்து நின்றது. அதை லிட்டருக்கு மில்லிமோல் என்று படித்தால் ஆள் நலம். டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்று படித்தால் உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். நல்லவேளை, அது சோதனைத் தரவு.

இந்தப் பயிற்சியில் ஒரே ஒரு சர்க்கரை அளவை அலகு, குறியீடு, நோயாளி மூன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும்படி ஒரு சர்வரில் ஏற்றப் போகிறோம். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை.

படி 1: சர்வர்

மருத்துவத் தரவுப் பரிமாற்றத்துக்கான தரங்களை 1987 முதல் உருவாக்கிவருவது எச்எல்7 என்ற அமைப்பு. அதன் இன்றைய தரம் ஃபயர் (FHIR). அந்தத் தரத்தைப் பேசும் சர்வர்களில் தொடக்கநிலையினருக்கு நான் சொல்வது ஹாப்பி ஃபயர்: ஜாவாவில் எழுதப்பட்டது, அப்பாச்சி 2.0 உரிமத்தில் கிடைக்கிறது. கணினியில் டாக்கர் (மென்பொருளைத் தனிப் பெட்டியில் அடைத்து இயக்கும் கருவி) இருந்தால் ஹாப்பி திட்டத்தின் அதிகாரப்பூர்வப் படிமத்தை (இமேஜ்) இறக்கி, 8080 என்ற போர்ட்டில் இயக்குங்கள். முதல் முறை எழுந்து வரச் சற்று நேரம் எடுக்கும். பிறகு உலாவியில் அந்த முகவரியைத் திறந்தால் இடப்பக்கம் ரிசோர்ஸ்களின் பட்டியலோடு ஒரு சோதனைப் பக்கம் வரும். டாக்கர் இயக்கும் அந்தப் பெட்டியை, அதாவது கன்டெய்னரை, அழித்தால் உள்ளே இருக்கும் தரவும் அழியும். பழகுவதற்கு அதுவே வசதி.

டாக்கர் இல்லாதவர்கள் அதே திட்டம் நடத்தும் பொதுச் சோதனைச் சர்வரைப் பயன்படுத்தலாம். அங்கே நீங்கள் ஏற்றுவதை உலகமே பார்க்கும். உண்மையான நோயாளியின் ஒரு எழுத்தைக்கூட அதில் போடாதீர்கள்.

படி 2: நோயாளி

ஃபயரில் ஒவ்வொரு தகவல் துண்டுக்கும் ரிசோர்ஸ் என்று பெயர். நோயாளிக்கு ‘பேஷண்ட்’, அளவீட்டுக்கு ‘அப்சர்வேஷன்’. ஃபயர் இணையதளத்தில் ஒவ்வொரு ரிசோர்ஸின் பக்கத்திலும் மாதிரிகள் இருக்கும். ஃபயரின் ஆர்4 வெளியீட்டின் பேஷண்ட் பக்கத்துக்குப் போய் ஜேசான் (JSON, தரவை எழுத்தாக எழுதும் ஒரு முறை) வடிவ மாதிரியை நகலெடுங்கள். (2023இல் ஆர்5 வந்துவிட்டது என்றாலும் களத்தில் அதிகம் புழங்குவது ஆர்4தான்.) பெயர், பாலினம், பிறந்த தேதி தவிர மற்றதை வெட்டுங்கள். குறிப்பாக, நோயாளியை நிர்வகிக்கும் நிறுவனத்தைச் சுட்டும் வரி இருந்தால் எடுத்துவிடுங்கள். அந்த நிறுவனம் உங்கள் சர்வரில் இல்லாததால் பெரும்பாலும் பிழைச் செய்திதான் வரும். முதல் நாளே பலர் மனம் உடைவது இந்த இடத்தில்தான்.

சோதனைப் பக்கத்தில் பேஷண்டைத் தேர்ந்தெடுத்து, புதிதாக உருவாக்கும் பெட்டியில் ஒட்டி அனுப்புங்கள். 201 என்று பதில் வந்தால் பதிவாகிவிட்டது. சர்வர் தரும் அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: அளவீடு

உயிர்நாடி இந்தப் படிதான், இங்கே நிதானம் தேவை.

அப்சர்வேஷனில் கட்டாயமானவை இரண்டே: நிலை, குறியீடு. நிலைக்கு ‘ஃபைனல்’ என்று கொடுங்கள். குறியீடு என்பது எதை அளந்தோம் என்பது. ‘சுகர்’, ‘குளுக்கோஸ்’, ‘ரத்தச் சர்க்கரை’ என்று ஆளுக்கொரு பெயர் எழுதுவார்கள். மென்பொருளுக்கு இவை மூன்றும் மூன்று வேறு பொருள்கள். அதனால் லாயிங்க் (LOINC) என்ற பொதுக் குறியீட்டுத் தொகுப்பிலிருந்து எண் எடுக்கிறோம். சீரம் அல்லது பிளாஸ்மாவில் உள்ள குளுக்கோஸை நிறை அளவில் (மில்லிகிராம்) சொன்னால் 2345-7. அதையே மோல் அளவில் (மில்லிமோல்) சொன்னால் 14749-6. வெறும் வயிற்றில் எடுத்து நிறை அளவில் சொன்னால் 1558-6. பார்த்தீர்களா, ஒரே சர்க்கரைக்கு மூன்று எண்கள். எதை எடுப்பது என்பதை நிரலாளர் ஊகிக்கக் கூடாது. ஆய்வகத்தில் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

2345-7ஐ எடுத்துக்கொள்வோம். மதிப்பு 99. அலகு டெசிலிட்டருக்கு மில்லிகிராம். அலகையும் வெறும் சொல்லாக எழுதிவிட்டுப் போகாமல், யூகம் (UCUM) என்ற அலகுக் குறியீட்டு முறையின் பெயரையும் அதன்படியான குறியையும் சேர்த்துக் கொடுங்கள். அதில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றல்ல. குளுக்கோஸைப் பொறுத்தவரை லிட்டருக்கு ஒரு மில்லிமோல் என்பது டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 18 மில்லிகிராம். ஆகவே இந்த 99தான் என் கதையில் வந்த 5.5.

கடைசியாக, ‘சப்ஜெக்ட்’ என்ற இடத்தில் நோயாளியின் எண்ணைச் சுட்டி அனுப்புங்கள்.

படி 4: வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள்

அதே அப்சர்வேஷனை அலகில்லாமல் ஒரு முறை அனுப்புங்கள். சர்வர் ஏற்றுக்கொள்ளும். நோயாளியே இல்லாமல் அனுப்புங்கள். அதையும் ஏற்றுக்கொள்ளும்! லாயிங்க் எண்ணை எடுத்துவிட்டு ‘சுகர்’ என்ற சொல்லை மட்டும் வைத்து அனுப்பினாலும் 201தான். இலக்கணம் சரியாக இருக்கிறது, பொருள்தான் இல்லை. தரத்துக்கு இணக்கமானது என்று மென்பொருள் விற்பவர் சொல்லும்போது இந்த மூன்று 201களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஓட்டைகளை அடைக்கத்தான் ‘ப்ரொஃபைல்’ இருக்கிறது. அலகு கட்டாயம், நோயாளி கட்டாயம், குறியீடு இந்தத் தொகுப்பிலிருந்துதான் என்று தரத்தின் மேல் நாம் போடும் கூடுதல் விதிகள் அவை. அதை எழுதுவது தனிப் பாடம்.

படி 5: தேடுங்கள்

இப்போது 2345-7 என்ற குறியீட்டை வைத்து அப்சர்வேஷன்களைத் தேடுங்கள். சொல் மட்டும் வைத்து அனுப்பியது பட்டியலில் வராது. மருத்துவரின் திரையிலும் அது இப்படித்தான் காணாமல் போகும், யாருக்கும் எந்தப் பிழைச் செய்தியும் வராமல். இன்னொன்று: சற்று முன் அனுப்பியதும் வரவில்லை என்றால் பதற வேண்டாம். ஹாப்பி ஒரே தேடலின் விடையைச் சுமார் ஒரு நிமிடம் நினைவில் வைத்திருந்து அதையே திரும்பக் கொடுக்கும். பொறுத்துத் தேடுங்கள்.

படி 6: உரிமங்கள்

சுருக்கமாக: ஃபயர் தரம் யாரும் பயன்படுத்தக்கூடிய பொதுவெளியில் இருக்கிறது. லாயிங்க் இலவசம், ஆனால் அதற்கென நிபந்தனைகள் உண்டு. நோய்களைக் குறிக்கப் பலர் நாடும் ஸ்னோமெட் சிடி என்ற குறியீட்டுத் தொகுப்புக்கு உரிமம் தேவை. உறுப்பு நாடுகளில் அது கட்டணமின்றிக் கிடைக்கிறது. நிரல் திறந்த மூலம் என்பதால் அதற்குள் இருக்கும் குறியீடுகளும் அப்படியே என்று எண்ணிவிடாதீர்கள்.

படி 7: உண்மையான மென்பொருளிடம் போங்கள்

2004இல் தொடங்கிய ஓப்பன்எம்ஆர்எஸ் போன்ற திறந்த மூல மருத்துவப் பதிவு மென்பொருளுக்கு ஃபயர் இணைப்புத் தொகுதி இருக்கிறது. அதை நிறுவி, ஃபயர் முகவரியின் இறுதியில் ‘மெட்டாடேட்டா’ என்று ஆங்கிலத்தில் சேர்த்துத் திறந்து பாருங்கள். எந்த ரிசோர்ஸ்கள், எந்தத் தேடல்கள் கிடைக்கும் என்று அந்த மென்பொருளே தன் வாயால் சொல்லும். காசு கொடுத்து வாங்கும் மென்பொருளிடமும் முதலில் கேட்க வேண்டியது இந்தப் பக்கத்தைத்தான். காட்டத் தயங்கினால் பேச்சை அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். காட்டினால், அப்சர்வேஷன் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மாதிரிக்கு ஒரு சர்க்கரை அளவைக் கேட்டு வாங்கி அலகைத் தேடுங்கள்.