அட்டையில் இருக்கும் 12 இலக்க எண்

ஊரில் என்னை நர்சம்மா என்பார்கள். துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியர் வேலை. புதன்கிழமை தடுப்பூசிக்கு வரும் தாய்மாரிடம் நான் முதலில் கேட்பது பிள்ளையின் பெயரை அல்ல, தாய் சேய் அட்டையில் எழுதியிருக்கும் ஆர்சிஎச் எண்ணைத்தான், அதாவது கர்ப்பத்தைப் பதியும்போது தரும் 12 இலக்க எண்ணை. தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்கும் அதே எண்ணைத்தான் கேட்பார்கள்.

கர்ப்பம் தெரிந்ததும் பதிந்து அந்த எண்ணை வாங்கிவிடுங்கள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகும்போது அட்டையும் கூடவே போக வேண்டும். ஒரு பெண் அதை மாமியார் வீட்டு பீரோவிலேயே விட்டுவிட்டுப் போனாள். பிரசவமான இடத்தில் புதிதாக இன்னொரு எண் போட்டுவிட்டார்கள். என் பதிவேட்டில் அவள் இன்னும் கர்ப்பிணி, அங்கே பிள்ளைக்கு 45-ம் நாள் ஊசியே முடிந்துவிட்டது! அதைச் சரிசெய்ய நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் பிறந்தால் 21 நாளுக்குள் பிறப்பைப் பதிய அவர்களே ஒரு படிவத்தில் விவரம் அனுப்புவார்கள். ஆனாலும் வீட்டுக்குக் கிளம்பும் முன் அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அப்பா, அம்மா பெயர் ஆதாரில் உள்ள எழுத்துப்படி இருக்கிறதா? ஆர்சிஎச் எண் சரியா? நள்ளிரவு தாண்டிப் பிறந்த பிள்ளைக்குத் தேதி குழம்பும். வீட்டில் செவ்வாய் ராத்திரி என்பார்கள், கணக்கில் அது புதன். படிவத்திலும் அட்டையிலும் ஒரே தேதி இருக்க வேண்டும். பிறந்ததும் போட்ட பிசிஜி எனும் காசநோய்த் தடுப்பூசி, போலியோ சொட்டு மருந்து, 24 மணி நேரத்துக்குள் போடும் மஞ்சள் காமாலை ஊசி மூன்றும் அட்டையில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பதிவில் கொடுக்கும் செல்போன் எண் பிள்ளையின் அம்மாவுடையதாகவே இருக்கட்டும். வெளியூரில் வேலை பார்க்கும் கணவரின் எண்ணைக் கொடுத்தால், ஓடிபி கேட்கும்போது அவருக்குப் போன் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

பெயர் வைத்ததும் பிறப்புப் பதிவில் சேர்த்துவிடுங்கள். ஒரு வருடத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. அப்புறம் அந்தச் சான்றிதழை என்னிடம் கொண்டுவாருங்கள். தடுப்பூசிப் பதிவில் பிள்ளை அதுவரை 'இன்னாரின் குழந்தை' என்றுதான் இருக்கும், அங்கேயும் பெயரை மாற்ற வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

தனியாரிடம் ஊசி போட்டால் அதே அட்டையில் எழுதி வாங்குங்கள். அட்டையைப் போட்டோ எடுத்து உங்கள் அம்மாவுக்கும் ஒன்று அனுப்பி வையுங்கள்.