உளுந்து விதைக்கிறதுக்குள்ள பாடம் வந்து சேரணும்: விவசாய சந்தை ப்ரோக்ராம்ல நாலெட்ஜ் மேனேஜ்மென்ட் பாக்குறது எப்படி

அந்த லாரி திரும்பி வந்த நாள் இன்னும் எனக்கு கண்ணுக்குள்ளயே நிக்குது. டெல்டாவுல ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், அதாவது விவசாயிகளே பங்குதாரரா சேந்து நடத்துற கம்பெனி, நெல்லுக்கு அடுத்து அதே வயல்ல வர்ற நெல் தரிசு உளுந்து, முதல் தடவையா வியாபாரி கையில குடுக்காம நேரா பருப்பு மில்லுக்கு அனுப்புனோம். மில்லு வாசல்லயே மெஷின் வச்சு ஈரப்பதம் பாத்தாங்க, 12 சதவீதத்துக்குள்ள இருக்கணும், நம்ம சரக்கு அதைத் தாண்டி காட்டுச்சு, போதாததுக்கு தார் ரோட்டுல போட்டு அடிச்ச மூட்டையில பொடி ஜல்லி வேற. இறக்க மாட்டோம்னுட்டாங்க. போன வாடகை, வந்த வாடகை, ஏத்துக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் கம்பெனி தலையில. மறுநாள் டைரக்டரா இருக்குற ஒரு அக்கா சொன்னாங்க, "ரெண்டு வருஷம் முன்னாடி பக்கத்து கம்பெனி லாரியும் இப்படித்தாம்மா திரும்புச்சு. அப்ப இருந்த ஃபீல்டு தம்பிக்கு எல்லாம் தெரியும், அவன்தான் வேலைய விட்டுட்டுப் போயிட்டானே."

ஆபீஸ் வந்து பழைய ஃபைல தேடி எடுத்தேன். அந்த தம்பி எழுதுன காலாண்டு அறிக்கை இருந்துச்சு, அந்த சம்பவத்துக்கு அதுல ஒரே ஒரு வரி: "வாங்குபவருடன் தரம் தொடர்பான வேறுபாடு ஏற்பட்டது." எவ்வளவு ஈரம், எங்க காய வச்சாங்க, எத்தனை மூட்டை, மில்லுக்காரர் என்ன சொன்னாரு, ஒண்ணுமே இல்ல. அவர் மேல தப்பு சொல்லல, நாங்க குடுத்த ஃபார்மட்டே அப்படித்தான் எழுத விட்டுச்சு. நாலெட்ஜ் மேனேஜ்மென்ட் வேலைக்கு புதுசா வர்றவங்களுக்கு நான் முதல்ல சொல்றது இதுதான். டாக்குமெண்ட் சேத்து வைக்கிறது உங்க வேலை இல்ல. இந்த பட்டத்துல, அதாவது இந்த சாகுபடி பருவத்துல, ஒருத்தர் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது அடுத்த பட்டத்துக்குள்ள இன்னொருத்தர் எடுக்குற முடிவுல வந்து நிக்கணும், அதுக்குத்தான் உங்களுக்கு சம்பளம்.

அதுக்கு முதல்ல காலண்டர மாத்துங்க. ப்ரோக்ராம் எல்லாம் ஏப்ரல்-மார்ச் கணக்குல ஓடும், கத்துக்கிட்டத பேசுற பெரிய கூட்டத்த மார்ச்ல வைப்பாங்க. மார்ச்ல டெல்டாவுல உளுந்து வயல்ல முத்தி காய்ஞ்சுக்கிட்டு இருக்கும், விவசாயிக்கும் நேரம் இல்ல, ஃபீல்டு ஸ்டாஃபுக்கும் நேரம் இல்ல, அப்ப பேசி எடுக்குற முடிவு எந்த வயலுக்கும் போகாது. பயிர வச்சு பின்னாடிலேர்ந்து எண்ணுங்க. தரிசு உளுந்து 70 நாள் சொச்சம் பயிரு, சம்பா தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி மண்ணு மெழுகு பதத்துல இருக்கும்போதே நிக்கிற நெல்லுக்குள்ள தூவிடுவாங்க, அது தை மாசம், அறுவடை பங்குனி. அப்ப எந்த ரகம், விதை எவ்வளவு வாங்கணுங்குறது மார்கழிக்குள்ள முடிவாகணும். நெல்லறுக்க டயர் வண்டி விடுறதா பெல்ட் வண்டி விடுறதாங்குறதும் அப்பவே பேசணும், ஏன்னா முளைச்சு நிக்கிற உளுந்த டயர் மிதிச்சு நாசம் பண்ணிடும். தார்ப்பாய், களம், ஈரம் பாக்குற மெஷின் எல்லாம் மாசிக்குள்ள. மில்லோட பேசி முடிக்கிறது பங்குனி பொறக்குறதுக்கு முன்னாடி. ஆக வருஷ கடைசியில ஒரு பெரிய ஒர்க்‌ஷாப் வேணாம், மார்கழியில ஒண்ணு, மாசியில ஒண்ணு, சரக்கு வித்து முடிஞ்சதும் சித்திரையில ஒண்ணுன்னு மூணு சின்ன கூட்டம் போதும். பயிர் மாறுனா இதுவும் மாறும். பெரம்பலூர் பக்கம் சின்ன வெங்காயம்னா பட்டறை போட்டு வைக்கிறதா, உடனே விக்கிறதான்னு அறுவடை வாரத்துலயே முடிவெடுக்கணும், அங்க போய் மூணு மாசத்துக்கு ஒரு தடவ கூட்டம் போட்டு என்ன பிரயோஜனம்.

சித்திரை கூட்டம்தான் இருக்குறதுலயே முக்கியம், அத எப்படி நடத்துறதுன்னு கொஞ்சம் விவரமா சொல்றேன். ஆஃப்டர் ஆக்‌ஷன் ரிவியூன்னு ஒரு முறை, அமெரிக்க ராணுவத்துல 1970-கள்ல பயிற்சி முடிஞ்சதும் பேசுறதுக்குன்னு உருவானது. கேள்வி நாலுதான், என்ன நடக்கும்னு நெனச்சோம், என்ன நடந்துச்சு, ஏன் வித்தியாசம், அடுத்த தடவ எத மாத்துறோம். கேக்க சுலபமா இருக்கும், ஆனா நம்ம ஊர்ல பெரிய அதிகாரியோ சேர்மனோ முதல்ல வாயத் திறந்துட்டா மத்தவங்க எல்லாரும் ஆமா சார், ஆமா சார்தான், அதோட கூட்டம் முடிஞ்சுது. அதனால மூட்டை தூக்குனவர், எடை போட்ட பொண்ணு, லாரி கூட போன ஃபீல்டு ஸ்டாஃப், இவங்க முதல்ல பேசணும், டைரக்டர் அதுக்கப்புறம், ப்ரோக்ராம் மேனேஜர் கடைசியில. இத மேனேஜர்கிட்ட முந்தின நாளே தனியா பேசி சம்மதம் வாங்கிடுங்க, கூட்டத்துல வச்சு சொன்னா சங்கடமாயிடும். இடமும் ஆபீஸ் வேணாம், சரக்கு சேத்த இடத்துலயே, களத்து ஓரமா சாக்கு விரிச்சு உக்காருங்க, கையில பொருள் இருந்தா பேச்சு தானா வரும். அந்த லாரி திரும்புன வருஷம் நாங்க அப்படி உக்காந்தப்பதான் எடை போட்ட பொண்ணு ஒரு பிடி உளுந்த எடுத்து காமிச்சு, "காலையில வந்த மூட்டை எல்லாம் இப்படி கல்லு மாதிரி இருந்துச்சு, சாயங்காலம் வந்தது பல்லுல கடிச்சா நசுங்குச்சு, நான் சொன்னேன், யாரும் கேக்கல"ன்னு சொல்லுச்சு. காலையில வந்தது முந்தின நாள் காய வச்சது, சாயங்காலம் வந்தது அன்னைக்கே அடிச்சு அள்ளுனது. ரெண்டையும் ஒண்ணா கொட்டி கலந்து ஏத்துனதுதான் பிரச்சனை, விவசாயி எல்லாரும் ஈரமா குடுக்கல. இந்த ஒரு விஷயம் தெரிஞ்சதும் தீர்வு ரொம்ப சின்னதாயிடுச்சு: அன்னைக்கு அடிச்ச மூட்டைய தனி அட்டியா வை, மறுநாள் காய வச்சு மெஷின்ல பாத்துட்டு ஏத்து.

கூட்டத்துல வந்தத எழுதும்போது ஒரே பக்கம், அதுக்கு மேல வேணாம். அதுல கட்டாயம் இருக்க வேண்டியது யாரு, எந்த தேதிக்குள்ள, என்ன செய்யணும்ங்குறது. "விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்"னு முடியுற வரி எதையும் விடாதீங்க, அடிச்சுட்டு திரும்ப எழுதச் சொல்லுங்க. அந்த பக்கத்த பெரிய எழுத்துல ப்ரிண்ட் போட்டு கொள்முதல் நிலைய சுவத்துல ஒட்டணும். கம்ப்யூட்டர்ல எவ்வளவு அழகா ஃபோல்டர் போட்டு வச்சாலும் பங்குனி வெயில்ல மூட்டை புடிக்கிறவர் அத தொறந்து பாக்கப் போறதில்ல.

அடுத்தது ஃபீல்டு ஸ்டாஃப். நாள் பூரா வண்டி ஓட்டிட்டு ராத்திரி வந்து ரிப்போர்ட் எழுதுன்னா அவங்க எதையாவது எழுதி அனுப்பத்தான் செய்வாங்க. எழுத வேணாம், பேசச் சொல்லுங்க. சனிக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப்ல ரெண்டு நிமிஷ வாய்ஸ் மெசேஜ், ஒரே கேள்வி, "இந்த வாரம் நீங்க எதிர்பாக்காதது என்ன நடந்துச்சு?" இப்படி கேட்டா வியாபாரி திடீர்னு களத்துக்கே வந்து விலை கேட்டது, மெஷின் வாடகை ஏறுனது, ஒரு ஊர்ல எல்லாரும் உளுந்து விட்டு பருத்திக்கு மாறுனது எல்லாம் வரும். திங்கக்கிழமை காலையில நீங்க உக்காந்து எல்லாத்தையும் கேட்டு பயிர், ஊர், மாசம் போட்டு ரெண்டு ரெண்டு வரியா ஒரு ஷீட்ல ஏத்துங்க. முக்கியமா பதில் போடுங்க, அவங்க சொன்னதால என்ன மாறுச்சுன்னு சொல்லுங்க. அனுப்புனது கிணத்துல போட்ட கல்லு மாதிரி ஆச்சுன்னா மூணாவது வாரத்தோட நின்னுடும்.

விலை விவரம் சேக்குறதுல எல்லாரும் ஒரு தப்பு பண்றோம். மத்திய அரசோட சந்தை விலை வெப்சைட் அக்மார்க்நெட்ல பாத்து குறைஞ்ச விலை, கூடுன விலை, மோடல் விலைன்னு எடுத்து வரைபடம் போட்டுடுவோம். மோடல்ங்குறது அன்னைக்கு பெரும்பாலான சரக்கு எந்த விலைக்கு போச்சோ அது, மார்க்கெட்ட புரிஞ்சுக்க நல்லதுதான், ஆனா விவசாயி கையில நின்ன விலை அது இல்ல. ஒவ்வொரு விற்பனைக்கும் கம்பெனி ஒரு சீட்டு போடணும், விலை, அதுலேர்ந்து கழிஞ்ச கமிஷன், சாக்கு, லாரி வாடகை, கூலி, கழிவுன்னு பிடிச்ச எடை, பணம் எத்தனை நாள் கழிச்சு வந்துச்சு. கடைசியா சொன்னத மறந்துடாதீங்க. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துல ஒருத்தர் கேக்குற விலை இன்னொருத்தருக்கு தெரியாத மறைமுக ஏலத்துல போன சரக்கு, மில்லுக்கு போனது, ஊர் வியாபாரிகிட்ட போனது மூணையும் இந்த சீட்டு வச்சு பக்கத்துல பக்கத்துல வைங்க. மில்லு விலை கூட இருந்தும் பணம் ரொம்ப நாள் கழிச்சு வந்ததால உறுப்பினர்கள் மறுபடியும் ஊர் வியாபாரிகிட்டயே போனத நான் பாத்திருக்கேன், அவங்க கணக்கு சரியான கணக்கு, நம்ம அறிக்கையிலதான் அந்த கணக்கு இல்ல.

வியாபாரி, மில்லுக்காரர், கமிஷன் மண்டிக்காரர் இவங்ககிட்டயும் போய் உக்காந்து கத்துக்கணும். இவங்கள எதிரி மாதிரி வச்சு வேலை பாக்குற ப்ரோக்ராம்ல சந்தை பத்தி பாதி விஷயம் தெரியாமலே போயிடும். ஆனா போனா அவங்க நேரம் பாத்து போங்க, ஏலம் முடிஞ்சு டீ குடிக்கிற நேரம், நோட்டு எடுக்காம போங்க, அவங்க சொன்ன விலைய இன்னொரு வியாபாரிகிட்ட ஒரு நாளும் சொல்லாதீங்க, ஒரு தடவ சொன்னா அந்த வாசல் சாத்துனது சாத்துனதுதான்.

ஆள் மாறுறது பத்தி. மத்திய அரசோட 10,000 எஃப்பிஓ (உழவர் உற்பத்தியாளர் அமைப்பு) திட்டம் 2020 பிப்ரவரியில ஆரம்பிச்சது, அதுல ஒரு கம்பெனிக்கு மூணு வருஷத்துக்கு 18 லட்சம் வரைக்கும் நிர்வாகச் செலவுக்கு உதவி, சிஇஓ சம்பளம் அதுலேர்ந்துதான். மூணு வருஷம் முடியும்போது கம்பெனிக்கு சொந்த வருமானம் நிக்கலன்னா சிஇஓ கிளம்பிடுவாரு, அவரோட செல்போன்ல இருக்குற அத்தனை வியாபாரி பழக்கமும் கூடவே கிளம்பிடும். அதனால கடைசி மாசம் வரைக்கும் காத்திருக்காதீங்க, முதல் வருஷத்துலேர்ந்தே ஒவ்வொரு பெரிய விற்பனைக்கும் சிஇஓவோட ஒரு டைரக்டர் கூட போகணும்னு போர்டுல தீர்மானம் போடுங்க. போறவர்கிட்ட ஒரு மணி நேரம் உக்காந்து மூணு விஷயம் கேட்டு ரெக்கார்ட் பண்ணுங்க, யார நம்பலாம், எதுல ஏமாந்தோம், எத ஆரம்பிச்சு பாதியில விட்டோம். புதுசா வர்றவர் முதல் வாரத்துல அத கேட்டே ஆகணும். எந்த கையேட்ட விடவும் இந்த ஒரு மணி நேரம் பெருசுன்னு நான் நம்புறேன்.

நிதி குடுக்குறவங்களுக்கு தோல்விய சொல்லலாமா வேணாமான்னு எல்லாருக்கும் ஒரு பயம் இருக்கு. சொல்லுங்க, ஆனா முடிவோட சேத்து சொல்லுங்க. "லாரி திரும்பியது"ன்னு மட்டும் எழுதுனா கேள்வி வரும், "திரும்பியது, காரணம் இது, அதனால களத்துக்கும் ஈரம் பாக்குற மெஷினுக்கும் பட்ஜெட்ட மாத்தி கேக்குறோம்"னு எழுதுனா பெரும்பாலும் கேப்பாங்க. ஒப்பந்தம் போடும்போதே பட்ஜெட்ல கொஞ்சம் பணம் எதுக்குன்னு எழுதாம, நடுவுல கத்துக்கிட்டத செய்யறதுக்குன்னு ஒதுக்கி வாங்கிடுங்க. அது இல்லன்னா என்ன கத்துக்கிட்டாலும் "அடுத்த வருஷம் பாக்கலாம்"தான்.

நம்ம வேலை பலிக்குதான்னு பாக்க நான் பயிற்சி எத்தனை, ஆள் எத்தனைன்னு எண்ணுறதில்ல. நம்ம காசு, நம்ம ஆள் இல்லாம வேற யாராவது இத எடுத்து செஞ்சாங்களான்னு பாப்பேன். போன பங்குனியில பக்கத்து ஒன்றியத்துல ஒரு ஊர் வியாபாரி, நாங்க கூப்பிடாத ஆளு, ஈர மூட்டைய தனி அட்டியா போட்டு மறுநாள் காய வச்சு ஏத்துறத பாத்தேன். யார்கிட்ட கத்துக்கிட்டீங்கன்னு கேட்டதுக்கு, எடை போட்ட அந்த பொண்ணு பேர சொன்னாரு. இந்த மார்கழி கூட்டத்துக்கு அவரையும் கூப்பிட்டிருக்கோம், முதல்ல பேசப்போறது அந்த பொண்ணு, ரெண்டாவதா அவரு.